கடைக் க்ளேயா, குழைத்த மாவா, களிமண்ணா? சின்னக் கைகளுக்கு எதைக் கொடுப்பது

வருடத் தொடக்கத்தில் பெற்றோர் கூட்டம் வைக்கும்போதெல்லாம் யாராவது ஒரு தாய் கேட்பார்: “டீச்சர், கடையில விக்கிற க்ளே வாங்கித் தாறதா, இல்லாட்டி வீட்டில மாவைக் குழைச்சு அனுப்புறதா?” இந்த முறை அதோடு இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. பேரப்பிள்ளையைக் கூட்டி வந்த ஒரு அம்மம்மா, “எங்கட காலத்தில வயல் மண்ணுதான் கா. அதில என்ன குறை?” என்றார். கூட்டத்தில் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கிற விடயம் இல்லை இது. மூன்றையும் பல வருடங்களாக மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தவள் என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

எங்கள் முன்பள்ளி மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில், எழுவான்கரைப் பக்கம் இருக்கிறது. பத்தொன்பது பிள்ளைகள், மூன்று வயது தொடங்கி ஐந்து வரை. அடுத்த ஜனவரியில் அரைவாசிப் பேர் தரம் ஒன்றுக்குப் போய்விடுவார்கள். பெற்றோரின் கவலை முழுவதும் அதிலேயே இருக்கிறது. “இன்னும் ‘அ’ எழுதுறானில்ல டீச்சர்” என்பார்கள். பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தால் காரணம் தெரியும். பென்சிலை முழு முட்டியாலும் இறுக்கிப் பிடித்திருப்பான், கையெழுத்து முழுவதும் தோளிலிருந்து வரும், நாலு கோடு போட்டதும் கை நொந்து பென்சிலை வைத்துவிடுவான். அவனுக்கு எழுத்துத் தெரியாமல் இல்லை. கை இன்னும் ஆயத்தமாகவில்லை.

பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே ஒன்றும் தெரியாது. அவை அப்போது வெறும் குருத்தெலும்பு. முதல் வருடத்தில் இரண்டு எலும்புகள் தெரியத் தொடங்கி, பிறகு ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு தோன்றுவதற்குள் பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயது ஆகிவிடும். ஆகவே நாலு வயதுப் பிள்ளையின் கை நமது கையின் சின்ன அளவு அல்ல, இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிற கை. பென்சில் பிடிக்க மூன்று விரல்கள் அசையவேண்டும், மோதிர விரலும் சின்ன விரலும் மடங்கி அமைதியாக இருக்கவேண்டும், மணிக்கட்டு ஆடாமல் நிற்கவேண்டும். பிசைகிற பொருள் இதற்கெல்லாம் உதவுவது ஒரே காரணத்தால்தான்: அது கைக்கு எதிர்ப்புக் கொடுக்கிறது. அமத்தினால் கொஞ்சம் எதிர்த்து நின்று, பிறகு இணங்கும். எதை வாங்குவது என்ற கேள்விக்கு நான் முதலில் பார்ப்பது அந்த எதிர்ப்பு எவ்வளவு என்றுதான். நிறம், விலை எல்லாம் பிறகு.

சரி, கடைச் சாமானிலிருந்து தொடங்குவோம். நம்மூர்க் கடைகளில் ‘க்ளே’ என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருட்களில் ஏதோ ஒன்று கையில் வரும். பெயர் ஒன்று, குணம் மூன்று. இந்தக் குழப்பத்தில்தான் நிறையப் பேரின் காசு வீணாகிறது.

முதலாவது, விரல் தடிப்பில் பல நிறக் கோல்களாக அடுக்கி வரும் பிளாஸ்டிசின். 1897ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹார்பட் என்ற சித்திர ஆசிரியர் கண்டுபிடித்தது. சிற்பம் பழகும் மாணவர்களுக்கு, காய்ந்து வெடிக்காத ஒரு களி அவருக்குத் தேவைப்பட்டது. எண்ணெய்ப் பசை கலந்திருப்பதால் அது காய்வதே இல்லை, பூஞ்சணமும் பிடிக்காது. ஆனால் யாருக்காகச் செய்தார் என்பதைக் கவனியுங்கள்: வளர்ந்த மாணவர்களுக்காக. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அது மூன்று வயதுக் கைக்கு மிகவும் கடினம். நான் முதலில் என் உள்ளங்கையில் வைத்து உருட்டி இளக்கித்தான் கொடுப்பேன். எங்கள் வெயிலில், மத்தியானம் பதினொரு மணிக்குப் பிறகு, அதுவே மேசையில் ஒட்டுகிற அளவுக்கு இளகிவிடும். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு, காலை நேரத்தில், நல்ல பொருள். ஒரு கோல் ஒரு பிள்ளைக்குப் போதாது என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

இரண்டாவது, சின்னப் பைகளில் வரும் பஞ்சு போன்ற லேசான க்ளே. இப்போது பிறந்தநாள் பரிசாக எல்லா வீட்டுக்கும் வருவது இதுதான். வடிவான நிறங்கள், கையில் ஒட்டாது, செய்த பொம்மை ஒரு நாளில் காய்ந்து அப்படியே நிற்கும். அலங்காரத்துக்கு அருமை. கைப் பயிற்சிக்கு நான் இதை வாங்கமாட்டேன். பிசையும்போது எதிர்ப்பே இல்லை. முகிலைப் பிடிப்பது போல. ஒருமுறை செய்தால் முடிந்தது, நாளைக்குத் திரும்பப் பிசைய முடியாது. பிள்ளைக்கு வேண்டியது திரும்பத் திரும்பச் செய்வது.

மூன்றாவது, டப்பாவில் அடைத்து வரும் ப்ளே-டோ வகை மாவு. இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இது முதலில் சுவர்க் கடதாசியில் படிந்த நிலக்கரிப் புகையைத் துடைக்கும் பசையாக விற்கப்பட்டது. வீடுகளில் நிலக்கரி அடுப்புகள் குறைந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தப் பசையைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிசையக் கொடுத்துப் பார்த்து, இதை விளையாட்டுப் பொருளாக விற்கலாமே என்று சொன்னவர் கே ஸுஃபால் என்ற முன்பள்ளி ஆசிரியை. 1956இல் அது கடைக்கு வந்தது. களி கடினமாக இருக்கிறது, பிள்ளைகளின் கைக்கு இணங்கவில்லை என்று ஒரு ஆசிரியைக்குப் பட்டதால் வந்த பொருள் என்பதால்தானோ என்னவோ, மூன்று வயதுக் கைக்கு இது அளவெடுத்தது போல இருக்கும். வழக்கமான டப்பா ஒன்றில் 112 கிராம், அதாவது ஒரு பிள்ளையின் இரண்டு கைக்கும் போதுமான ஒரு உருண்டை. பத்தொன்பது பிள்ளைகளுக்கு பத்தொன்பது டப்பா. மூடியைச் சரியாக மூடாவிட்டால் இரண்டு நாளில் கல். வெளிநாட்டில் இருக்கும் மாமா கொண்டு வந்து தந்தால் சந்தோசமாக வாங்குங்கள். மாதா மாதம் வாங்கிக் கட்டுப்படியாகாது. இன்னொன்று, இதிலும் இருப்பது கோதுமைதான். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கடைச் சாமான் என்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இழுத்தால் சவ்வாக நீளும் ஸ்லைமையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அதில் பல வகை போரக்ஸ் என்ற இரசாயனம் சேர்த்துச் செய்வது. விரலை வாயில் வைக்கும் வயதுக்கு வேண்டாம்.

இனி என் மனதுக்கு நெருக்கமானது, அடுப்பில் கிண்டி எடுக்கிற உப்பு மா.

இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு கப் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி. வெளிநாட்டுக் குறிப்புகளில் கிரீம் ஒஃப் டார்ட்டர் என்ற ஒரு தூளைப் போடச் சொல்லியிருப்பார்கள். அது செய்யும் வேலையைத் தேசிக்காயே செய்யும். வேண்டியது கொஞ்சம் புளிப்பு மட்டும்தான். எல்லாவற்றையும் சட்டியிலேயே கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் அகப்பையால் விடாமல் கிண்டவேண்டும். முதலில் கஞ்சி போல, பிறகு தொதல் கிண்டுகிற மாதிரிக் கை வலிக்கும், பிறகு திடீரென்று சட்டியை விட்டுச் சுருண்டு ஒரே உருண்டையாக வரும். அப்போது இறக்கி, கைச் சூடு பொறுக்கும்போது நன்றாகப் பிசையவேண்டும். கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். எட்டுப் பிள்ளைகளுக்குக் கைநிறையப் பங்கு வைக்கலாம்.

அடுப்பில் வைக்காமல் பச்சையாகக் குழைப்பது சுலபம்தானே என்று கேட்பார்கள். பச்சை மாவு அன்றைக்கு நன்றாக இருக்கும், அடுத்த நாள் தண்ணீர் விட்டுப் பிசுபிசுக்கும். கிண்டிய மாவில் மாப்பொருள் வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. உப்பும் புளியும் பூஞ்சணத்தைத் தடுக்கின்றன. இறுக்கமாக மூடிய ஐஸ்கிரீம் டப்பாவில் நாலு கிழமை வரைக்கும் வைத்திருக்கிறேன்.

ஆனால் நாலு கிழமை என்பது பருவத்தைப் பொறுத்தது. இதை எந்தக் குறிப்பிலும் நான் காணவில்லை, பட்டுத்தான் அறிந்தேன். மார்கழி மழையில் உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து, மாவு காலையில் வேர்த்துப்போய் இருக்கும். அதற்கு ஒரு கைப்பிடி மா தூவிப் பிசைந்தால் போதும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நேர்மாறு: அரை மணித்தியாலம் மேசையில் கிடந்தாலே மேல்தோல் காய்ந்து, உப்புப் பரல்கள் வெளியே தெரியும். அப்போது பிள்ளைகளின் பக்கத்தில் ஒரு ஈரத்துணி வைத்து, கையை அதில் ஒற்றி ஒற்றிப் பிசையச் சொல்வேன். அந்த ஒற்றுதலும் ஒரு கைவேலைதான்.

இந்த மாவின் பெரிய வசதி, இறுக்கத்தை நாமே தீர்மானிக்கலாம் என்பது. சிகிச்சையாளர்கள் கைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பசைகள் இளகல் முதல் கடினம் வரை நிறத்துக்கு ஒரு பதமாக வரும். வீட்டு அடுப்பில் நாமும் அதைச் செய்யலாம். வருடத் தொடக்கத்தில் மூன்று வயதுக்காரருக்கு இளக்கமாக எடுப்பேன். ஆடி மாதமளவில் பெரிய பிள்ளைகளின் உருண்டைக்கு இன்னும் கொஞ்சம் மா சேர்த்து இறுக்குவேன். எந்தக் கடை டப்பாவும் இதைச் செய்து தராது.

நிறத்துக்கு மஞ்சள் தூள் போதும். பீட்றூட் சாறு முதல் நாள் கொழுத்த சிவப்பாக இருந்து ஒரு கிழமையில் மங்கும். நீலக் காக்கணம்பூவை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் மாவைக் கரைத்தால் நீலம். தேசிக்காய் விட்டதும் ஊதாவாக மாறும். அதைப் பிள்ளைகளுக்கு முன்னால் செய்து காட்டுங்கள். அந்த முகங்களைப் பார்க்கவேண்டும்.

குறைகளையும் சொல்லவேண்டும். உப்பு அதிகம் என்பதுதான் முதல் குறை. ஒரு பிள்ளையின் பங்கில் ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி உப்பு இருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் ஒன்றுமில்லை. நிறைய விழுங்கினால் சின்ன உடம்பில் உப்பு ஏறி ஆபத்தாகும். வாந்தி, அடங்காத தாகம், சோர்வு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டாமல் வையுங்கள், நாய்க்கு இது பிள்ளையைவிட ஆபத்து. கையில் சிரங்கு, வெடிப்பு உள்ள பிள்ளைக்கு உப்பு எரியும். எங்களிடம் ஒரு பிள்ளை மாவைக் கண்டாலே கையைப் பின்னால் மறைத்தாள். பிடிவாதம் என்று இரண்டு நாள் நினைத்தேன். விரல் இடுக்கில் வெடிப்பு இருந்ததைப் பிறகுதான் கண்டேன். அவளுக்கு அன்றிலிருந்து பிளாஸ்டிசின்.

இரண்டாவது குறை மனதோடு சம்பந்தப்பட்டது. “சாப்பிடுற மாவை விளையாடக் குடுக்கிறதா?” என்று ஒரு தாய் கேட்டார். 2022இல், மா விலை ஏறி, பாணுக்கே திண்டாடிய நாட்களில் கேட்ட கேள்வி அது. அவர் கேட்டது முழுவதும் நியாயம். அந்த வருடம் முழுக்க நாங்கள் கோதுமை மாவைத் தொடவில்லை, களிமண்ணுக்கு மாறினோம். இப்போதும் புது மாவைப் பிரிப்பதில்லை. பக்கத்துக் கடைகளில் வண்டு பிடித்து ஒதுக்கிய மாவைக் கேட்டு வாங்கி, அரித்துக் கிண்டுகிறோம். சமையலுக்கு உதவாதது இதற்கு நன்றாகவே உதவும்.

அரிசிமாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. கொழுக்கட்டைக்குக் குழைப்பது போல வறுத்த அரிசிமாவில் கொதிநீர் விட்டுக் குழைத்தால் அதுவும் பிசைகிற மாவுதான். உப்பு இல்லை, வாயில் போனாலும் சாப்பாடு. ஆகவே ஒரு வயதும் இரண்டு வயதும் ஆன தம்பி தங்கைகளுக்கு இதைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும் இதுதான். ஆனால் அரிசியில் கோதுமையின் இழுவைப் பசை இல்லை. மெல்லிய பாம்பாக உருட்டினால் வெடித்து உடையும், நாலு வயதுப் பிள்ளை சலித்துப் போவான். எங்கள் சூட்டில் அடுத்த நாளே புளிக்கும். காலையில் குழைத்து மத்தியானம் கோழிக்குப் போடுகிற மாவு அது.

இப்போது அந்த அம்மம்மாவின் கேள்விக்கு வருகிறேன். களிமண்ணில் குறை இல்லை, சொல்லப்போனால் எதிர்ப்பு விடயத்தில் அதுதான் முதலிடம். கனம் இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது, அமத்தினால் அமத்தின இடம் அப்படியே நிற்கிறது. விரல் நுனிக்கு அது சொல்லுகிற செய்தி வேறு எந்தப் பொருளிலும் கிடைக்காது. காய்ந்தால் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்ப எடுக்கலாம். காசும் இல்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வயலும் குளமும் உள்ள ஊர்களில் இருக்கும் ஆசிரியைகளுக்கு இது வாசலில் கிடக்கும் செல்வம்.

ஆனால் வயலில் இருந்து நேரே அள்ளிக் கொடுக்கக்கூடாது. அம்மம்மாவின் காலத்திலும் அந்தக் கிருமிகள் இருந்தன, பெயர்தான் தெரியாமல் இருந்தது. கொக்கிப்புழு போன்றவற்றின் முட்டைகளும் குடம்பிகளும் ஈரமண்ணில் இருக்கும். மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் பக்டீரியா வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காயத்தின் வழியாக உடம்புக்குள் போகும், மழைகாலத்தில் கூடும், நம் நாட்டிலும் உள்ளது. அதனால் நான் கடைப்பிடிக்கும் முறை இது: சட்டி பானை செய்பவர்களிடம் அவர்கள் அரித்துப் பதப்படுத்தி வைத்த மண்ணைக் கேட்டு வாங்குவேன். அது கிடைக்காவிட்டால் கோடையில் எடுத்த மண்ணைப் பல நாள் கடும் வெயிலில் காயவைத்து, இடித்து, அரித்து, கொதித்தாறிய நீரில் குழைப்பேன். கையில் காயம் உள்ள பிள்ளைக்கு அன்று களிமண் கிடையாது. மாரி காலத்தில் யாருக்கும் கிடையாது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டு நகத்தடி வரை கழுவவேண்டும்.

மூன்று வயதுக்கு அது பாரம். முட்டியால் குத்தவும் விரலால் குழி போடவும் மட்டும் கொடுங்கள். நாலரை, ஐந்து வயதில் அந்தக் கைகள் களிமண்ணுக்கு ஏங்கும்.

கல்லடிக் கடற்கரையின் ஈரமணலையும் சேர்க்கச் சொன்னார் ஒருவர். நல்ல விளையாட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் வேலை. விரல் நுனிக்கு அவ்வளவாக இல்லை.

பொருளைத் தெரிவு செய்வது அரை வேலை. அதைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் மீதி அரைவாசி இருக்கிறது. கடைப் பெட்டிகளோடு பிளாஸ்டிக் அச்சுகள் வரும்: நட்சத்திரம், கரடி, கார். பெற்றோருக்கு அவை பிடிக்கும், ஏனென்றால் வெளியே வருவது வடிவாக இருக்கும். ஆனால் பிள்ளையின் கை செய்தது ஒரு தட்டு மட்டும். விரல்கள் ஓய்வாக இருந்தன. முதல் மாதம் நான் அச்சு எதையும் மேசையில் வைப்பதில்லை.

நம்முடைய குசினியைவிட நல்ல பயிற்சிக்கூடம் எங்கே இருக்கிறது? உருண்டை பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கையும் குழிந்து, ஒன்று நிற்க மற்றது சுற்றவேண்டும். உள்ளங்கையின் அந்தக் குழிவுதான் பிறகு பென்சிலுக்கு இடம் கொடுக்கிறது. முதலில் கொய்யாக்காய் அளவு உருண்டை, பிறகு புளியங்கொட்டை அளவு, கடைசியில் மூன்று விரல் நுனியால் மட்டும் உருட்டுகிற மிளகு. அளவு சின்னதாகச் சின்னதாக வேலை உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்கு நகரும்.

அப்புறம் கொழுக்கட்டை. குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவிப்போமே, அதன் விளிம்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிக் கிள்ளிப் பல் வைப்பார்கள். சிகிச்சையாளர்கள் கிள்ளுப்பிடி என்று சொல்லிப் பழக்குவது அச்சு அசல் அதுதான். வட்டமாகத் தட்டி, நடுவில் ஒரு சின்ன உருண்டையை வைத்து, மடித்து, விளிம்பு முழுக்கக் கிள்ளச் சொல்லுங்கள். ஒரு கொழுக்கட்டையில் பதினைந்து இருபது கிள்ளு. எழுத்துக் கொப்பியில் இருபது கோடு போடச் சொன்னால் அழுகிற பிள்ளை, ஐந்து கொழுக்கட்டை கேட்காமலே செய்து, “இது தம்பிக்கு, இது உம்மாவுக்கு” என்று பங்கு வைப்பான்.

இடியப்ப உரலையும் கொண்டு வாருங்கள், பழைய சின்ன உரலாக. இளக்கமான மாவை அதில் போட்டுப் பிழிய இரண்டு கையின் முழுப் பலமும் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையால் தனியே முடியாது; இருவர் சேர்ந்து பிழிவார்கள், அதுவும் நல்லதுதான். உப்பு மாவைப் பிழிந்த உரலைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கவேண்டாம்.

ஈர்க்கை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, முனையை மழுக்கி, ஒரு மா உருண்டையில் குத்தி முள்ளம்பன்றி செய்வது எங்கள் வகுப்பின் நிரந்தர விருப்பம். ஒவ்வொரு ஈர்க்கையும் எடுக்கும் விதத்தைப் பாருங்கள்: மூன்று விரல், பென்சில் பிடிக்கிற அதே மூன்று விரல். புளியங்கொட்டைகளை மாவுக்குள் ஒளித்துவைத்துத் தோண்டி எடுக்கச் சொல்வதும் நல்லது, நாலு வயதுக்கு மேல் மட்டும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கவேண்டும். குன்றிமணியை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். சிவப்பும் கறுப்புமாக அழகாய் இருக்கும், உள்ளே இருப்பது கொடிய நஞ்சு.

கத்தரிக்கோலைக் கடதாசியில் தொடங்குவது கடினம். கடதாசி நழுவும், மடங்கும். மாப் பாம்பை உருட்டி வைத்து முனை மழுங்கிய கத்தரியால் துண்டு துண்டாக வெட்டச் சொன்னால் முதல் நாளே வெட்டு விழும். ஒரு கை பாம்பைப் பிடிக்க மறு கை வெட்டவேண்டும், இரண்டு கையும் இரண்டு வேலை. மருதமுனையில் தறியில் இருப்பவர்களின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை அறியாமலே மற்றக் கைக்கு இடம் கொடுக்கும். அந்த ஒத்திசைவின் முதல் பாடம் இதுதான்.

எழுத்துக்கு வருவதானால், அதே பாம்பை வளைத்து ‘ட’, ‘ப’, பிறகு ‘ம’, கடைசியில் ‘அ’. நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோமே, அதன் அடுத்த படி இது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விரல் வளைவை உணர்ந்த பிறகு பென்சில் அதைத் தேடிப் போகும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். கிழமையில் ஒரு நாள் ஒரு மணித்தியாலம் கொடுப்பதைவிட நாலு நாள் பதினைந்து நிமிடம் கொடுங்கள். கதிரை உயரம் சரியாக இருந்து கால் தரையில் படவேண்டும். கால் ஆடினால் கை உறுதியாக நிற்காது. அல்லது பாயில் சம்மணமிட்டு முன்னால் ஒரு பலகை.

அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்ப்பது முக்கியம். பிள்ளையின் கையைப் பற்றி மா நிறையச் சொல்லும். நாலரை வயதாகியும் உருண்டை பிடிக்க முடியவில்லை, ஒரு கையை எப்போதும் மடியிலேயே வைத்திருக்கிறான், கொஞ்ச நேரத்திலேயே கை சோர்ந்து விழுகிறது என்றால், கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லித் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் காட்டுவது நல்லது. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதைத் தொடாமல் விடும் குழந்தையையும் காட்டுங்கள். சில பிள்ளைகளுக்கு ஒட்டுகிற எதுவும் ஆகாது, தொட்டதும் கையை உதறுவார்கள். கட்டாயப்படுத்தாமல் முதலில் மாவை ஒரு பொலித்தீன் பையில் போட்டு மேலே அமத்தக் கொடுங்கள். போன வருடம் ஒரு மகன் மூன்று மாதம் பைக்கு மேலால் மட்டும் பிசைந்தான். ஒரு நாள் தானாகவே பையைத் திறந்து ஒரு விரலை உள்ளே விட்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை என் மனம் நிறைந்திருந்தது.

ஆக, பெற்றோர் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. முன்பள்ளியில் அன்றாடம் பாவிக்க, கிண்டிய உப்பு மா. இரண்டு கிழமைக்கு ஒருமுறை மூன்று வீட்டுக்காரர் முறை வைத்துக் கிண்டித் தந்தால் பத்தொன்பது பேருக்கும் போதும். வீட்டில் கைக்குழந்தையும் சேர்ந்து விளையாடுகிற இடத்தில் அரிசிமா. தரம் ஒன்றுக்குப் போக இருப்பவர்களுக்குச் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கிழமைக்கு ஒரு நாள் களிமண், அதை நான் பொறுப்பெடுக்கிறேன். கடையில் வாங்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பிளாஸ்டிசின் வாங்குங்கள், அதிலும் நிறம் குறைந்து அளவு கூடியதாக. பன்னிரண்டு நிறத்தில் ஒவ்வொரு துளியைவிட இரண்டு நிறத்தில் கைநிறைய நல்லது. பஞ்சுக் க்ளே வீட்டில் இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதல் முறை கிண்டுவதை நான் செய்து காட்டுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூட்ட வரும்போது அரை மணித்தியாலம் முன்னதாக வாருங்கள். மாவும் உப்பும் இங்கே இருக்கிறது. ஆளுக்கு ஒரு தேசிக்காயும், மூடி இறுக்கமாகப் பூட்டுகிற ஒரு ஐஸ்கிரீம் டப்பாவும் கொண்டு வந்தால் போதும். டப்பாவில் பிள்ளையின் பெயரை எழுதிவிடுங்கள்.